"செய்ய வைத்தான்" என்பதற்கு எந்த ஆங்கிலம்? மேக், லெட், ஹெல்ப், ஹேவ், கெட்

பாலக்கோடு_டியூஷன்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தாள்களைத் திருத்தும்போது சிவப்பு மை அதிகம் விழுவது ஒரே இடத்தில்தான்: ஒருவர் இன்னொருவரை ஒரு வேலை செய்ய வைக்கிற வாக்கியம். கேள்விகளைத் தொகுத்து வைக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், நீங்களும் அப்படியே எழுதினால் இழை முழுக்க ஒரே மாதிரி இருக்கும்.

1. "தி டீச்சர் மேட் ஹிம் டு ரைட்" தப்பு. ஆனால் "ஹீ வாஸ் மேட் டு ரைட்" சரி. அந்த "டு" எங்கே போய் எங்கே வருகிறது?
2. "ஹெல்ப்" வந்தால் "டு" வேண்டுமா, வேண்டாமா? ஒரு கைடில் போட்டிருக்கிறது, இன்னொன்றில் இல்லை.
3. "லெட்" வாக்கியத்தைப் பாஸிவ் வாய்ஸுக்கு மாற்றச் சொன்னால் என்ன எழுதுவது?
4. "எழுத வைத்தார்" என்பதற்கு எப்போது "மேட்", எப்போது "ஹேட்", எப்போது "காட்"?

நாலாவதுதான் பெரிய தலைவலி.

---

காவேரிப்பட்டணம்_இலக்கணம்

முதல் மூன்றும் வடிவம் பற்றியவை, சீக்கிரம் முடிந்துவிடும்.

மேக், லெட், ஹேவ் மூன்றுக்கும் பிறகு ஆள், அதன் பிறகு வெறும் வினை. "டு" கிடையாது, "எஸ்" கிடையாது, "இங்" கிடையாது. கெட், அலவ், ஃபோர்ஸ், காஸ், எனேபிள், பர்மிட் இவற்றுக்கு ஆள், பிறகு "டு", பிறகு வினை. ஹெல்ப் இரண்டு பக்கமும் நிற்கும்: "ஹெல்ப்ட் மீ லிஃப்ட்", "ஹெல்ப்ட் மீ டு லிஃப்ட்" இரண்டும் சரி, மதிப்பெண் குறைக்க இடமே இல்லை.

பிள்ளைகள் செய்கிற மற்ற இரண்டு பிழைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று, காலத்தை இரண்டு தரம் காட்டுவது: "மேட் ஹிம் ரோட்", "மேக்ஸ் ஹர் ரைட்ஸ்". காலமும் ஒருமை பன்மையும் முதல் வினையோடு முடிந்துவிடும், இரண்டாவது வினை அசையாது. தமிழிலும் அப்படித்தானே? "எழுத வைத்தார், எழுத வைக்கிறார், எழுத வைப்பார்" என்று "வை" மட்டும் மாறுகிறது, "எழுத" அப்படியே நிற்கிறது. இதைக் கரும்பலகையில் மூன்று வரியாக எழுதிக் காட்டினால் பாதிப் பிழை அங்கேயே நின்றுவிடும். மற்றொன்று, "மேட் ஹீ ரைட்". தமிழில் "அவனை" என்று ஐ உருபு வருகிற இடம், ஆங்கிலத்தில் "ஹிம்". "அவனுக்கு உதவினார்" என்று கு வந்தாலும் "ஹிம்" தான்.

பாஸிவ்: "மேக்" பாஸிவானால் "டு" ஒட்டிக்கொள்ளும். சீ, ஹியர் இரண்டுக்கும் இதே கதை. "சா ஹிம் என்டர்" என்பது "வாஸ் சீன் டு என்டர்" ஆகிறது. இது யாரோ உட்கார்ந்து போட்ட விதி இல்லை. முந்தைய நூற்றாண்டுகளின் ஆங்கிலத்தில் "மேக்" பிறகு "டு" வைத்தும் எழுதினார்கள், வைக்காமலும் எழுதினார்கள். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் 23-ஆம் சங்கீதத்தில் "ஹீ மேக்கத் மீ டு லை டவுன்" என்றே இருக்கிறது. பிறகு செய்வினையில் "டு" உதிர்ந்துபோனது, செயப்பாட்டுவினையில் தங்கிவிட்டது.

"லெட்" பாஸிவ் ஆகாது. "வாஸ் லெட் டு கோ" என்று எழுதக் கூடாது. "வாஸ் அலவ்ட் டு கோ" என்று வினையையே மாற்றிவிட வேண்டும். "வாஸ் லெட் கோ" என்று ஒன்று கண்ணில் படும். அது தனி முடிச்சு, பிடித்தவரை விட்டுவிட்டார்கள் என்றோ, வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றோ பொருள். ஹேவ், கெட் இரண்டுக்கும் இந்தப் பயன்பாட்டில் பாஸிவே கிடையாது. "ஐ வாஸ் ஹேட் டு சைன்" என்று யாராவது எழுதினால் முழுதாக அடித்துவிடலாம்.

---

பாலக்கோடு_டியூஷன்

"ஓப்பன் தி டோர்" என்பதற்குப் பாஸிவாக "லெட் தி டோர் பீ ஓப்பன்ட்" என்று பள்ளியில் எழுதச் சொல்கிறோமே, அந்த லெட் என்ன லெட்?

---

காவேரிப்பட்டணம்_இலக்கணம்

அதில் அனுமதி கிடையாது. தமிழில் "திறக்கப்படட்டும்" என்கிற வியங்கோள் மாதிரி. இலக்கணப்படி தப்பில்லை, கணித நூல்களில் "லெட் எக்ஸ் பீ" என்று தினமும் வருவதும் இதே வகைதான். ஆனால் கதவைத் திறக்கச் சொல்ல உலகத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. தேர்வுக்கு எழுதட்டும், பேச்சுக்கு எடுத்துப்போக வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

---

ஓசூர்_பி_ஷிப்ட்

நாலாவது கேள்விக்கு வரேன். கம்பெனி மெயில்ல இது நேரடியா காசு சம்பந்தப்பட்ட விஷயம். கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட்டுக்குப் பதில் எழுதும்போது நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேரு "வீ மேட் தி ஆபரேட்டர் டு செக் ஆல் தி பார்ட்ஸ்"னு எழுதறாங்க. "டு" தப்புங்கறது ஒரு பக்கம். அதை எடுத்துட்டாலும் வாசனை சரியில்லை. ஆபரேட்டர் மாட்டேன்னு நின்னாரு, கழுத்துல கை வெச்சு செய்ய வெச்சோம்ங்கற மாதிரி படிக்கறவனுக்குத் தோணும்.

அங்க வேண்டியது "வீ ஹேட் தி ஆபரேட்டர் செக் ஆல் தி பார்ட்ஸ்". வேலையைச் சொன்னோம், அவர் கடமையா செஞ்சாரு, அவ்வளவுதான். ஹேவ் வந்தா சொல்றவருக்குச் சொல்ற உரிமை இருக்கு, கேக்கறவருக்கு அது வேலை.

சப்ளையர் வேற. அவர் நம்ம கீழ வேலை செய்யறவர் இல்லை. "வீ காட் தி சப்ளையர் டு ரீப்ளேஸ் தி லாட்". இழுத்தடிச்சாரு, பேசினோம், கடைசில மாத்திக் கொடுத்தாருன்னு அந்த "காட்" ஒண்ணே சொல்லிடும். கெட் வந்தா நடுவுல கொஞ்சம் மெனக்கெடல் இருக்கு.

மெஷினுக்கு ஹேவ் போடாதீங்க. சொன்னதைக் கேட்டுச் செய்யறதுக்கு அதுக்குப் புத்தி கிடையாது. "ஐ ஹேட் தி மோட்டார் ஸ்டார்ட்" வராது. "ஐ காட் தி மோட்டார் டு ஸ்டார்ட்" வரும், அடம் பிடிச்ச மோட்டாரை ஒரு வழியா ஓட வெச்சேன்னு அர்த்தம். ஓடிக்கிட்டே இருக்குன்னு சொல்லணும்னா "காட் தி மோட்டார் ரன்னிங்".

இன்னொண்ணு, மேனுவல் மொழிபெயர்க்கறவங்களுக்கு. "சென்சார் கன்வேயரை நிற்க வைக்கிறது"ன்னு தமிழ்ல யோசிச்சுட்டு "மேக்ஸ் தி கன்வேயர் ஸ்டாப்"னு எழுத வேண்டாம். "ஸ்டாப்ஸ் தி கன்வேயர்" போதும். நடுவுல ரிலே, பிஎல்சின்னு கன்ட்ரோல் கருவி எல்லாம் தாண்டி சுத்தி வளைச்சு நிக்குதுன்னா மட்டும் "காசஸ் தி கன்வேயர் டு ஸ்டாப்".

---

பென்னாகரம்_வாத்தியார்

ஓசூர் அன்பர் கடைசியாகச் சொன்னதைச் சற்று விரிக்க வேண்டும், அங்கேதான் தமிழ்ப் பிள்ளை வழுக்குகிறது.

ஆங்கிலத்தில் ஏராளமான வினைகள் தன்வினை, பிறவினை இரண்டுக்கும் ஒரே உருவில் நிற்கின்றன. தண்ணீர் கொதித்தாலும் "பாயில்", நாம் கொதிக்க வைத்தாலும் "பாயில்". மாங்காய் பழுத்தாலும் "ரைப்பன்", பழுக்க வைத்தாலும் "ரைப்பன்". ஓப்பன், பிரேக், மெல்ட், டர்ன், மூவ், பர்ன் எல்லாம் இந்த இனம். தமிழில் "வை" இருக்கிறதே என்று "ஷீ மேட் தி வாட்டர் பாயில்" என்று எழுதினால், அடுப்பை விட்டுவிட்டு ஏதோ மந்திரத்தால் கொதிக்க வைத்தது போலிருக்கும். "ஷீ பாயில்ட் தி வாட்டர்". காரணம் வெளியே எங்கோ இருந்தால் மேக் பொருந்தும்: "தி ஹீட் மேட் தி மேங்கோஸ் ரைப்பன் எர்லி", வெயிலில் மாங்காய் முன்கூட்டியே பழுத்தது.

நம்மிடம் ஆடு, ஆட்டு, உருள், உருட்டு, திருந்து, திருத்து, உண், ஊட்டு என்று உள்ளேயே எழுத்து மாறிப் பிறவினை ஆவதைப் போல ஆங்கிலத்திலும் ஒரு பழைய குடும்பம் உண்டு. ஃபால் விழு, ஃபெல் வீழ்த்து (மரத்தை). சிட் உட்கார், செட் வை. லை படு, லே கிடத்து. ரைஸ் எழு, ரெய்ஸ் எழுப்பு. லை, லே குழப்பம் தீராமல் இருப்பவர்கள் இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் தெளிந்துவிடும். லே, ரெய்ஸ் இரண்டும் பிறவினை, எனவே எதை என்ற கேள்விக்கு வாக்கியத்தில் விடை இருந்தே ஆக வேண்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. "செய்ய வைத்தான்" என்று தமிழில் சொல்கிற இடங்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். தமிழில் "வை"யே வராத இடத்தில்தான் பெரிய பிழை நடக்கிறது. முடி வெட்டிக்கொண்டேன். சட்டை தைத்தேன். பல் பிடுங்கினேன். வீட்டுக்கு வெள்ளை அடித்தேன். வண்டி ரிப்பேர் பண்ணினேன். இத்தனையும் செய்தவர் வேறொருவர். தமிழ் அதைப் பொருட்படுத்துவதில்லை. மூன்றாம் வேற்றுமைக் கருத்தாப் பொருளில் ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என்று நாம் பிரித்துப் படிப்பதே இதற்காகத்தான்: கரிகாலன் கல்லணையைக் கட்டினான் என்றால் அவன் கல் சுமக்கவில்லை, ஏவினான்.

ஆங்கிலத்தில் "ஐ புல்ட் அவுட் மை டூத்" என்றால் குறடு உங்கள் கையில். "ஐ ஸ்டிச்ட் எ ஷர்ட்" என்றால் தையல் மிஷினில் உட்கார்ந்தது நீங்கள். பிறர் செய்ததென்றால் "ஐ ஹேட் எ டூத் புல்ட் அவுட்", "ஐ ஹேட் எ ஷர்ட் ஸ்டிச்ட்". ஹேவ், பிறகு பொருள், பிறகு வி-3 (வினையின் மூன்றாம் வடிவம்). பேச்சில் ஹேட் இடத்தில் "காட்" வரலாம்.

பெரிய கட்டடம், அரசன், முதலாளி என்றால் ஆங்கிலமும் ஏவுதற்கருத்தாவை ஏற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "கரிகாலா பில்ட் தி டேம்" முழுக்கச் சரி. "வீ ஆர் பில்டிங் எ ஹவுஸ்" என்றாலும் நீங்கள்தான் கொத்தனார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். உடம்பு, உடை, வண்டி, போன் என்று நம் கைக்கு எட்டுகிற சிறு வேலைகளில்தான் குழப்பம் வரும். தானே செய்திருக்கலாமே என்று ஐயம் எழக்கூடிய இடத்தில் ஹேவ் போடு, இதுதான் அளவுகோல்.

---

ஊத்தங்கரை_ஸ்போக்கன்

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒரு எச்சரிக்கை சேர்க்கணும். சொல் வரிசை மாறினா அர்த்தமே தலைகீழ்.

"ஐ ஹேட் மை ஹேர் கட்" – கடையில் வெட்டிக்கொண்டேன்.
"ஐ ஹேட் கட் மை ஹேர்" – நானே வெட்டியிருந்தேன், பாஸ்ட் பெர்ஃபெக்ட்.

கேள்வியும் எதிர்மறையும் "டூ" வைத்துத்தான் வரும். "டிட் யூ ஹேவ் தி பிரேக் செக்ட்?" சரி, "ஹேட் யூ தி பிரேக் செக்ட்?" கூடாது. ஹேவ் "இங்" ஆகாது என்று மனப்பாடம் செய்தவர்கள் கவனிக்க: இங்கே ஆகும். "வீ ஆர் ஹேவிங் தி ஹவுஸ் பெயின்டட்" நல்ல ஆங்கிலம்.

இதே சட்டத்தில் கெட்ட செய்தியும் வரும். "ஹீ ஹேட் ஹிஸ் போன் ஸ்டோலன்" என்றால் அவர் ஆள் வைத்துத் திருடவில்லை, போனைப் பறிகொடுத்தார். சூழலைப் பார்த்துத்தான் பிரிக்கணும்.

---

தேன்கனிக்கோட்டை_மூணுமொழி

எல்லைப் பக்கம் பாடம் நடத்தறவங்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. இங்க பாதிப் பிள்ளைங்க வீட்ல கன்னடமோ தெலுங்கோ பேசுது. கன்னடத்துல மாடு என்றால் செய், மாடிசு என்றால் செய்வி. தெலுங்குல சேயு, சேயிஞ்சு. இது புத்தகத்துல மட்டும் இருக்கற வடிவம் இல்லை, சந்தையில, வீட்ல தினமும் பேசறது. வண்டியை மெக்கானிக்கிட்ட சரி பண்ணினா கன்னடத்துல "ரிப்பேர் மாடிஸிதே"ன்னுதான் வரும், "மாடிதே"ன்னா தானே பண்ணினதாயிடும். அதாவது தமிழ் கண்டுக்காம விடற வேறுபாட்டை இந்த ரெண்டு மொழியும் பிடிச்சு வெச்சிருக்கு. "மாடிசு வர்ற இடத்துல ஹேவ் போட்டு வி-3"ன்னு ஒரே வரியில சொன்னா அந்தப் பிள்ளைங்களுக்குப் புரிஞ்சுடும்.

தமிழ்லயும் செய்வி, வருவி எல்லாம் இருந்ததுதான். நன்னூல் வி, பி ரெண்டையும் பிறவினை விகுதியா சொல்லுது, செய்விப்பின்னு ரெட்டை ஏவல் வரைக்கும் போகுது. பேச்சுல இப்ப மிச்சம் காண்பி, கற்பி மாதிரி ஒரு கைப்பிடிதான்.

---

காவேரிப்பட்டணம்_இலக்கணம்

மேற்கோள்: "மாடிசு வர்ற இடத்துல ஹேவ்"

முழுக்க ஒத்துவராது. சிரிக்க வைப்பதற்குக் கன்னடத்தில் நகிசு, தெலுங்கில் நவ்விஞ்சு. இரண்டிலும் அதே விகுதி. அங்கே ஹேவ் போட்டால் "ஹீ ஹேட் அஸ் லாஃப்" என்று வரும், சிரியுங்கள் என்று உத்தரவு போட்டது போல. "ஹீ மேட் அஸ் லாஃப்" தான்.

---

தேன்கனிக்கோட்டை_மூணுமொழி

சரிதான், வரம்பு கட்டிடறேன். சிரிப்பு, அழுகை, பயம், தும்மல், நம்பிக்கை இதெல்லாம் தானா வர்றது, சொல்லிச் செய்யறது இல்லை. அதுக்கு மேக். தைக்கறது, கழுவறது, எழுதறது, திருத்தறது மாதிரி கையால செய்யற வேலைக்கு மாடிசு, ஹேவ். இந்தக் கோட்டைப் போட்டுட்டா குறுக்கு வழி நிக்கும்.

---

பர்கூர்_மொழிபெயர்ப்பு

"மேக் என்றாலே கட்டாயம்" என்று ஓசூர்க்காரர் எழுதியதைப் படித்து யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுவாய் மனிதனாக இருந்து, செய்கிற வேலையும் விருப்பப்பட்டுச் செய்யக்கூடியதாக இருந்தால்தான் கட்டாயம் தொனிக்கும். வெங்காயம் கண்ணீர் வரவைத்தால், மழை தக்காளியை அழுக வைத்தால் அங்கே யார் யாரைக் கட்டாயப்படுத்துவது? "தட் ஷர்ட் மேக்ஸ் யூ லுக் யங்கர்" என்பது பாராட்டு.

---

ஓசூர்_பி_ஷிப்ட்

ஆள் ஆளைச் செய்ய வைக்கற மெயிலைப் பத்தித்தான் சொன்னேன். உயிரில்லாத எழுவாய்க்கு மேக் தாராளமா வரும், அதுல சண்டை இல்லை.

---

ஊத்தங்கரை_ஸ்போக்கன்

வகுப்பில் ஐந்து வினையையும் ஒரே காட்சியில் வைத்துக் காட்டினால் பிரிவு பளிச்சென்று தெரியும். ஒகேனக்கல் பரிசல், லைஃப் ஜாக்கெட். பரிசல்காரர் நாலு பேரை ஏற்றுகிறார்.

"ஹீ மேட் அஸ் வேர் லைஃப் ஜாக்கெட்ஸ்": நமக்கு இஷ்டமில்லை, போடாவிட்டால் ஏற்ற மாட்டேன் என்றார்.
"ஹீ ஹேட் அஸ் வேர் லைஃப் ஜாக்கெட்ஸ்": வழக்கமான நடைமுறை, போடச் சொன்னார், போட்டோம்.
"ஹீ காட் அஸ் டு வேர் லைஃப் ஜாக்கெட்ஸ்": தயங்கினோம், பேசி இணங்க வைத்தார்.
"ஹீ லெட் அஸ் வேர் லைஃப் ஜாக்கெட்ஸ்": நாம் கேட்டோம், சரி என்றார்.
"ஹீ ஹெல்ப்ட் அஸ் வேர் லைஃப் ஜாக்கெட்ஸ்": வார் மாட்டிவிட்டார்.

ஆற்றில் தண்ணீர் வரத்து கூடி, குளிக்கத் தடை போட்ட நாள் என்றால் "தே டிடின்ட் லெட் அஸ் பேத்". பாஸிவ் "வீ வேர் நாட் அலவ்ட் டு பேத்".

---

பர்கூர்_மொழிபெயர்ப்பு

ஐந்தாவது வரி இடிக்கிறது. "வேர்" என்பது உடுத்தியிருக்கும் நிலை, உடுத்துகிற செயலுக்கு "புட் ஆன்". வார் மாட்டிவிட்டார் என்றால் "ஹெல்ப்ட் அஸ் புட் ஆன் தி லைஃப் ஜாக்கெட்ஸ்". முதல் நாலிலும் "புட் ஆன்" போட்டுவிட்டால் ஐந்தும் ஒரே வினையில் ஓடும், பிள்ளைகளுக்கும் ஒப்பிட வசதி.

---

ஊத்தங்கரை_ஸ்போக்கன்

நல்ல திருத்தம். ஐந்திலும் "புட் ஆன்" என்றே படியுங்கள்.

---

பாலக்கோடு_டியூஷன்

நிறையத் தெளிந்தது. ஒரு பட்டியல் தருகிறேன், தமிழில் எல்லாமே "வை" அல்லது "விடு". எது எதற்கு என்ன போடலாம்? தூங்க வைத்தாள், சாப்பிட வைத்தாள், காக்க வைத்தார், நம்ப வைத்தான், புரிய வைத்தார், ஒத்துக்கொள்ள வைத்தேன், உட்கார வைத்தார், விளையாட விட்டார்.

---

பென்னாகரம்_வாத்தியார்

குழந்தையைத் தூங்க வைத்தாள் என்றால் "புட் தி பேபி டு ஸ்லீப்". இங்கே மேக் வந்தால் மிரட்டித் தூங்க வைத்த மாதிரி. சாப்பிட வைத்தாள் என்பதற்குக் "காட் தி சைல்ட் டு ஈட்", ஏனென்றால் நிலாவைக் காட்டி ஏமாற்றாமல் அது நடந்திருக்காது. ஊட்டினாள் என்றால் "ஃபெட்". காக்க வைத்தார் என்பதற்குப் பொருத்தமானது "கெப்ட் மீ வெயிட்டிங்". வேண்டுமென்றே காக்க வைத்தார் என்று குற்றம் சாட்ட வேண்டுமானால் "மேட் மீ வெயிட்".

நம்ப வைத்தான், "மேட் மீ பிலீவ்". புரிய வைத்தார் என்பதில் ஆசிரியர் பொறுமையாக விளக்கினார் என்றால் "ஹெல்ப்ட் மீ அன்டர்ஸ்டேண்ட்". இதை நம் பிள்ளைகள் யாருமே எழுதுவதில்லை, எழுதினால் ஆங்கிலம் சட்டென்று இயல்பாகிவிடும். ஒத்துக்கொள்ள வைத்தேன் "காட் ஹிம் டு அக்ரீ". உட்கார வைத்தார் என்பது மூன்று ஆகும்: விருந்தாளியை என்றால் "சீட்டட்", பிள்ளைகளை வரிசையாக என்றால் "ஹேட் தெம் சிட்", தண்டனையாக என்றால் "மேட் ஹிம் சிட்". விளையாட விட்டார் "லெட்", அதில் ஐயமில்லை.

பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்க்கிறேன். "விழாமல் பார்த்துக்கொள்", "பால் பொங்கி வழியாமல் பார்த்துக்கோ" என்று நாம் சொல்வதை "சீ தட் இட் டஸ் நாட் ஃபால்" என்று நீட்டி எழுதுகிறார்கள். "டோன்ட் லெட் இட் ஃபால்", "டோன்ட் லெட் தி மில்க் பாயில் ஓவர்". "ஆமல் பார்த்துக்கொள்" வருகிற இடமெல்லாம் "டோன்ட் லெட்" போட்டுப் பாருங்கள், பத்துக்கு ஒன்பது பொருந்தும்.

---

மத்தூர்_குரூப்4

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவன். "போகச் சொன்னேன்" என்பதற்கும் ஹேவ் போடலாமா? "ஐ ஹேட் ஹிம் கோ"?

---

பர்கூர்_மொழிபெயர்ப்பு

வேலை நடந்து முடிந்ததா என்பதைப் பாருங்கள் தம்பி. வாக்கியத்தின் வாலில் "பட் ஹீ டிடின்ட்" ஒட்டிச் சோதிக்கலாம். "ஐ டோல்ட் ஹிம் டு கோ, பட் ஹீ டிடின்ட்" நன்றாகவே இருக்கிறது, சொன்னேன், போகவில்லை. "ஐ ஹேட் ஹிம் கோ, பட் ஹீ டிடின்ட்" முரண். மேட், காட் இரண்டும் இதே போல் முரண்படும், இந்த மூன்றும் வேலை நடந்துவிட்டதாகவே அடித்துச் சொல்பவை. டெல், ஆஸ்க், ஆர்டர் மூன்றும் வாய்வார்த்தையோடு நிற்பவை. அலவ் கூட அனுமதி மட்டும்தான்: "தே அலவ்ட் ஹிம் டு அப்ளை, பட் ஹீ டிடின்ட்" தடையின்றி வரும்.

எனவே சொன்னது மட்டும் என்றால் "டோல்ட் ஹிம் டு கோ". சொல்லி, அவர் போயும் விட்டார் என்றால் "ஹேட் ஹிம் கோ".

---

மத்தூர்_குரூப்4

நன்றிங்க. ஹெல்ப் பற்றி ஒன்று. "டு" இல்லாமல் வந்தால் கூடவே கை கொடுத்தார், "டு" வந்தால் மறைமுகமாக உதவினார் என்று ஒரு நோட்ஸில் இருக்கிறது. உண்மையா?

---

காவேரிப்பட்டணம்_இலக்கணம்

அப்படிச் சொல்வோர் உண்டு, ஆனால் ஆங்கிலம் எழுதுபவர்கள் அந்தக் கோட்டை மதிப்பதில்லை. அமெரிக்க வழக்கில் "டு" இல்லாதது அதிகம், அவ்வளவே. காதுக்கு எது இடிக்கவில்லையோ அதைப் போடுங்கள். முன்னால் ஏற்கெனவே ஒரு "டு" இருந்தால் இரண்டாவதை விட்டுவிடுவது அழகு: "டு ஹெல்ப் தெம் ஃபைண்ட் வொர்க்". "நாட்" வந்தாலோ, நடுவில் நீளமான பெயர்த்தொடர் வந்தாலோ "டு" இருந்தால் படிக்க எளிது. பாஸிவில் "டு" கட்டாயம்: "வாஸ் ஹெல்ப்ட் டு ஸ்டேண்ட்".

ஆளே இல்லாமலும் ஹெல்ப் வரும், "திஸ் ஹெல்ப்ஸ் ரெட்யூஸ் வேஸ்ட்". வராதது "ஹெல்ப்ட் மீ லிஃப்டிங்". "இங்" வரும் ஒரே இடம் "குட்ன்ட் ஹெல்ப் லாஃபிங்", சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கே ஹெல்ப் என்றால் உதவி இல்லை, தவிர்த்தல்.

---

பாலக்கோடு_டியூஷன்

விடுப்புக் கடிதத்தில் "கைண்ட்லி லெட் மீ டு கோ", "கைண்ட்லி லீவ் மீ" இரண்டும் வருகின்றன. "என்னை விடுங்கள்" என்பதை அப்படியே பெயர்த்ததால் வந்த வினை என்று புரிகிறது. "கைண்ட்லி அலவ் மீ டு கோ" என்று மாற்றிக் கொடுக்கிறேன், சரிதானே?

---

ஊத்தங்கரை_ஸ்போக்கன்

சரி. கடிதம், மனு என்றால் அலவ், பர்மிட். லெட் நேரில் பேச. "லீவ் மீ" என்றால் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போ என்று ஆகிவிடும், தலைமையாசிரியருக்கு எழுதக்கூடியது இல்லை.

"லெட்ஸ் கோ", "லெட் அஸ் கோ" வேறுபாட்டையும் சொல்லிக்கொடுங்கள். சுருக்கினால் வா, நாம் போகலாம் என்பது மட்டும்தான். சுருக்காமல் சொன்னால் எங்களைப் போக விடுங்கள் என்ற பொருளும் வரும். நாம், நாங்கள் என்று தமிழில் பிரிப்பதை நினைவூட்டினால் போதும்.

---

ஓசூர்_பி_ஷிப்ட்

ஒண்ணு விட்டுப்போச்சு. மேக் பின்னாடியும் வி-3 வரும், ஆனா பெரும்பாலும் மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப் கூடத்தான். பிரஸ் ஷாப் சத்தத்துல கத்தியும் கேக்கலைன்னா "ஐ குட்ன்ட் மேக் மைசெல்ஃப் ஹியர்ட்". இங்க "ஹியர்"னு போட்டா நானே என்னைக் கேக்க வெச்சேன்னு ஆயிடும். மொழி தெரியாத ஊர்ல எப்படியோ சொல்லிப் புரிய வெச்சா "மேட் மைசெல்ஃப் அன்டர்ஸ்டுட்". வண்டியை மெக்கானிக்கிட்ட விட்டதுக்கு மட்டும் "மேட் மை பைக் ரிப்பேர்ட்" எழுதிடாதீங்க, அங்க ஹேட் இல்லைன்னா காட்.